சிறுநெருப்பில் நற்கோப்பி

ஈழநாட்டுத் தமிழ் மனைகளில் விருந்தினர் வந்து அமர்ந்ததும் முதலிற் கேட்பது அடுப்படியில் பாத்திரம் ஏற்றும் ஓசை. பேச்சு பின்னர் வரும். அதற்குமுன் ஒரு பேணி கோப்பி வரவேண்டும். நிலையான வீடும், அடுக்கிய விறகும், அருகிற் கிணறும் உடையவர்களுக்கு இவ்வழக்கம் எளிது. வழியிற் செல்பவருக்கும், கடலில் மிதப்பவருக்கும், கூடாரத்தில் தங்குபவருக்கும் அஃது எளிதன்று. அவர்களிடம் நெருப்புச் சிறிது, நீர் அளவு, காற்றோ பெரிது. அத்தகைய நிலையில் நல்ல கோப்பி ஆக்குவது எங்ஙனம் என்னும் வினா, மனிதன் கோப்பியை அறிந்த நாள்தொட்டு அவனுடன் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இவ்வினா புதிய கோலம் பூண்டுள்ளது. மோட்டார் வண்டியையே வீடாக அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். கூரையின்மேல் சூரியத் தகடு, இருக்கையின்கீழ் பற்றரி, ஒரு மூலையில் அடுக்களை, இதுவே அவர்கள் இல்லம். அங்கே விளக்கு எரியும், விசிறி சுழலும். ஆயினும் நகரத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்கேத்திலை இணைத்தவுடன் மின்சாரம் தளர்ந்து ஓய்ந்துவிடும். காலைக் கோப்பி எங்கே என்ற கவலை அப்பொழுது எழும். புதுக் கருவிகளைத் தேடிச் செல்லுமுன், இதே இடரை முன்னோர் எவ்வாறு வென்றனர் என்று நோக்குதல் தகும். அவ்வாறு நோக்குவதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியைப் போன்ற இடம் அரிது.

திருகோணமலை, வந்து செல்வோரின் ஊர். கோணேசர் மலையின் அடியில் விரிந்து கிடக்கும் இயற்கைத் துறைமுகத்துக்காக வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் அது மாறிற்று. மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, இறுதியாக 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. கப்பலில் வந்தோர் ஒருபுறம். கண்டியிலிருந்து காட்டுவழியே வண்டில் ஓட்டி வந்தோர் மற்றொருபுறம். கொட்டியாரக் குடாவைத் தோணியிற் கடந்தோர் இன்னொருபுறம். வீட்டைவிட்டு வெளியே நெருப்பு மூட்டி உணவும் பானமும் ஆக்கியோர் இத்துணைப் பலவகையாகக் கூடிய நிலம் இலங்கையில் வேறு அதிகமில்லை.

கோப்பி என்னும் பானமோ பிறப்பிலேயே பயணியரின் பானம். அதன் செடி எத்தியோப்பிய மலைகளுக்கு உரியது. பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூபி ஞானியர் இரவு வழிபாட்டில் உறக்கம் வாராதிருக்க அதனைப் பருகினர். மொக்காத் துறையிலிருந்து அது செங்கடலெங்கும் பரவிற்று. பாலைவனத்து அரபு மக்கள் ஆக்கும் முறையைச் சற்றுக் கருதுதல் வேண்டும். மரம் அரிதான மணல்வெளியில் அவர்களுக்குக் கிடைப்பது முட்செடியும் உலர்ந்த சாணமும். அவற்றின் தணலில் சிறு இரும்புக் கரண்டியிற் கொட்டையை வறுத்து, கையுரலில் இடித்து, மூக்குடைய சிறு செம்புக் குடத்திற் காய்ச்சி, ஏலம் சேர்த்துச் சிறு கிண்ணங்களில் வார்ப்பர். கிண்ணம் சிறிது, குடம் சிறிது, தணலும் சிறிது. ஆயினும் விருந்தோம்பலிற் குறைவில்லை. கோப்பியின் சுவையை நிறுவிய மக்கள் பெருநெருப்பு உடையவரல்லர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கோப்பிச் செடியை இலங்கைக்குக் கொணர்ந்தவரும் அரபு வணிகரே என்பர். முற்காலத்தில் இங்குள்ள மக்கள் அதன் இலையைக் கறிக்கும், மணமிக்க வெண்பூவை வழிபாட்டுக்கும் பயன்படுத்தினர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. அதனைப் பெரும் பயிராக்கியது பிரித்தானிய ஆட்சி. 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் அமைத்தார். ஆள்பதி எட்வேட் பாண்ஸ் கன்னொறுவையிற் பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாட்டுக் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். உயிர் பிழைத்து நடந்தோர் மாலையில் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி பொறுக்கி எரித்தனர்; அதுவே அவர்களுக்கு அன்று வீடு.

வடக்கிலிருந்து வரும் அப்பாதையும் திருகோணமலையிலிருந்து கந்தளாய், கபரணை வழியாக வரும் பாதையும் தம்புள்ளையிற் சந்திக்கின்றன. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927ஆம் ஆண்டில். அதற்குமுன் உப்பும் கருவாடும் உள்நாடு செல்லவும், உள்நாட்டுப் பண்டங்கள் துறைமுகம் சேரவும் கூடார வண்டிலே துணை. அதனைப் பார்த்தவர்க்கு இக்கால வீட்டு வண்டி புதுமையாகத் தோன்றாது. மேலே கிடுகுக் கூடாரம். உள்ளே பாயும் மூட்டையும். கீழே தொங்கும் அரிக்கன் விளக்கு. ஒரு தண்ணீர்க் குடம், ஒரு சட்டி, ஒரு செம்பு. காட்டுவழியில் யானைக்கும் கரடிக்கும் அஞ்சி வண்டில்கள் கூட்டமாகவே செல்லும். இரவில் ஒருங்கே அவிழ்த்துவிட்டு நெருப்பு மூட்டும். அந்நெருப்பு விலங்கை விலக்கியது, சோற்றை ஆக்கியது, விடியுமுன் கோப்பியையும் கொடுத்தது.

இனி அக்கோப்பி எத்தகையது என்பதைக் காண்க. ஈழத்து மனைகளில் வறுத்த கோப்பியோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்துத் தூளாக்கி அடைத்து வைப்பது வழக்கம். வறுப்பதும் இடிப்பதும் வீட்டிலே முடிந்துவிட்டபடியால் வழியிற் செய்யவேண்டியது நீரைக் கொதிக்கவைப்பது ஒன்றே. நீர் கொதித்ததும் பாத்திரத்தை இறக்கி, தூளை இட்டு, மூடி வைத்தால் அது தானே ஊறும். மேலே சிறிது குளிர்நீர் தெளித்தால் கொந்தளிப்பு அடங்கி மண்டி அடியிற் படியும். தெளிவை மெல்ல வார்த்து, சீனி இல்லாவிடிற் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பருகலாம். மூக்குப்பேணியில் அண்ணாந்து வார்த்துக் குடிப்பவருக்கு வாய்படாத தூய்மையும் உண்டு. ஒரே பேணி பலருக்கு உதவும். கழுவும் நீரும் மிச்சம். வடியும் வேண்டாம், பொறியும் வேண்டாம். நெருப்பு எரியவேண்டிய நேரம் ஒரு செம்பு நீர் கொதிக்கும் நேரம் மட்டுமே.

இவ்வெளிய முறையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கோப்பித் தூளைக் கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்தால் நறுமணம் ஆவியோடு போய்விடும், கசப்பே மிஞ்சும். கொதித்து இறக்கிய நீரிற் சில நிமிடம் ஊறினால் மணமும் சுவையும் நீரில் தங்கும். நல்ல கோப்பிக்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை. கடல்மட்டத்தில் உள்ள திருகோணமலையில் நீர் 100 பாகையிற் கொதிப்பதால், இறக்கி அரை நிமிடம் ஆறவிட்டுத் தூளிடுதல் நலம். கடலுக்கு மேல் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே ஆறவிட வேண்டியதில்லை. கோப்பி விளைந்த மலைக்கும் கோப்பி குடித்த துறைமுகத்துக்கும் இடையே இயற்கை வகுத்த வேறுபாடு இது.

இவ்வுண்மையை அறிவியல் நோக்கில் ஆராய்ந்து எழுதியவர் ரம்போட் பிரபு. அமெரிக்காவில் 1753இற் பிறந்த பெஞ்சமின் தொம்சன் என்பவரே பின்னர் இப்பெயர் பெற்றார். பவேரிய நாட்டின் மியூனிக் நகரிற் பீரங்கி துளைக்கையில் எழும் வெப்பத்தைக் கண்டு, வெப்பம் என்பது ஒரு பொருளன்று, அஃது ஓர் இயக்கமே என்று 1798இல் வாதித்தவர் அவர். ஏழைகளுக்குக் குறைந்த விறகிற் கஞ்சி காய்ச்சவும், அடுப்பின் வெப்பம் வீண்போகாது காக்கவும் வழி கண்டவரும் அவரே. 1812ஆம் ஆண்டில் அவர் கோப்பியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தூளைக் கொதிக்கவிடலாகாது; தூளைச் சமமாகப் பரப்பி மெல்ல அழுத்தி, அதன்மேற் சுடுநீரை வார்த்து வடியவிட வேண்டும்; வடியும் பாத்திரத்தின் வெப்பம் குறையாதபடி சூழக் காக்கவேண்டும்; இவையே அவர் கருத்தின் சாரம். விறகைச் சிக்கனப்படுத்த முயன்ற அறிஞர் ஒருவரே கோப்பியின் சுவையையும் ஆராய்ந்தார் என்பது தற்செயலன்று. வெப்பத்தை மதிப்பவன் மணத்தையும் மதிப்பான்.

இம்முறையின் தமிழ்நாட்டு வடிவமே பித்தளை வடிகலம். மேற்கலத்தின் அடியிற் நுண்துளைகள், அதில் தூள், அதன்மேல் அழுத்தும் தட்டு, மேலே சுடுநீர். கீழ்க்கலத்திற் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றுக்கு நெருப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பூமியின் ஈர்ப்பே அதற்கு விசை. கால் மணி நேரம் பொறுத்திருப்பவருக்கு அது தன் வேலையைத் தானே செய்து முடிக்கும். இலங்கைக் கடைகளிலே துணிப்பையில் தூளிட்டு வடிக்கும் முறையும் இதன் உறவே.

கடலில் வாழ்ந்தோர் நிலை இன்னும் கடினம். மரக்கலத்தில் நெருப்பு உயிர்த்துணையும் கொடும்பகையும் ஆகும். ஆகையால் அடுப்பு மணலும் செங்கல்லும் பரப்பிய தனியிடத்தில் அமைக்கப்பட்டது. புயல் எழுந்தாற் முதலில் அதனையே அணைத்தனர். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817இற் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. அஃது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையிற் பேணப்படுகிறது. அதன் காலத்துக் கடலோடிகளுக்குச் சூடான பானம் என்பது கடல் அமைதியாயிருக்கும் நாளின் பேறு. அடுப்பு எரியும்போதே ஆக்கிக்கொள்க, ஆக்கியதை மூடிவைக்க என்பது கடல் கற்பித்த பாடம். அந்த மூடிவைக்கும் கலையை நிறைவு செய்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டிவார். 1892ஆம் ஆண்டில் அவர் இரட்டைச் சுவருக்கு இடையிற் காற்றை அகற்றிய குடுவையை ஆக்கினார். இன்று வீடுதோறும் உள்ள சுடுநீர்க் குடுவை அதன் வழித்தோன்றலே.

இதற்கிடையே இலங்கைக் கோப்பிக்கு முடிவு வந்தது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் இலைகளின் அடிப்புறம் செம்மஞ்சட் பொடி படர்ந்தது. கோப்பித் துரு எனப்படும் பூஞ்சண நோய் அது. காற்றிற் பறக்கும் நுண்வித்துக்களால் அது தோட்டந்தோறும் தாவியது. ஆய்வுக்காக வந்த மார்ஷல் வோட் என்னும் அறிஞர் நோயின் வரலாற்றைத் தெளிவாக்கினார். ஆனால் மரங்களைக் காக்க இயலவில்லை. இருபது ஆண்டுகளுள் பெருந்தோட்டக் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நாடு தேநீர் நாடாயிற்று. ஆயினும் வீட்டுத் தோட்டங்களில் ஓரிரு கோப்பி மரங்கள் நின்றன. உரலும் உலக்கையும் இருந்தன. வாணிகம் கைவிட்டதை அடுக்களை கைவிடவில்லை.

இரண்டாம் உலகப் போரிற் திருகோணமலை மீண்டும் உலகின் கண்ணிற் பட்டது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலே மூழ்கிற்று. போருக்கு முன்னரே சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு பெரும் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்திருந்தன. ஒரு பெருங்கடலின் கப்பற்படைக்கு வேண்டிய எரிபொருள் அங்கே இருந்தது. அத்தாங்கிகளின் நிழலிற் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பொச்சுமட்டையும் சிரட்டையும் பொறுக்கி அடுப்பெரித்தனர். வல்லமையும் வறுமையும் இத்துணை அருகருகே நிற்கும் காட்சி துறைமுக நகர்களுக்கே உரியது.

கரையும் கோப்பித் தூள் உலகிற் பரவியதும் அப்போர்க் காலத்திலேதான். யப்பானியரான சற்றோரி கற்றோ 1901இல் அமெரிக்காவிற் கரையும் கோப்பியைக் காட்டினார். சுவிற்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனம் 1938இல் தன் தூளை விற்பனைக்கு விட்டது. போர்வீரனுக்கு அஃது ஏற்றதாயிற்று. வடியவும் வேண்டாம், ஊறவும் வேண்டாம். சுடுநீர் இருந்தாற் போதும். விரைவு கிடைத்தது, அதற்கு ஈடாக மணத்திற் பெரும்பங்கு போயிற்று. 1957ஆம் ஆண்டு அக்டோபரிற் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. படையினர் சென்றனர், கரையும் தூள் கடைகளில் தங்கிவிட்டது.

வழிநடை வாழ்வோ பின்னரும் மறையவில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் திருகோணமலையில் தங்கி, வெருகல் முருகனை வணங்கி, மட்டக்களப்பு வழியே உகந்தைக்குச் சென்று, காட்டினுள் இறங்குவர். தலையிலும் தோளிலும் சுமக்கக்கூடியதே அவர்கள் உடைமை. மட்டக்களப்புச் சாலையிற் பல இடங்களிற் பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்துக்கிடக்க நேர்ந்தது. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கும் அந்நிலையே. காத்திருக்குமிடத்தில் தேநீர்க் கடை எழுவதும், கடை இல்லாதவிடத்து மூன்று கல் கூடுவதும் இயல்பு.

விரும்பிச் செல்லும் பயணம் ஒன்று. துரத்தப்பட்டுச் செல்லும் பயணம் மற்றொன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் கரையோரக் கிராமங்களையும் அடித்துச் சென்றது. 2006இற் போர் மூண்டபோது மூதூரும் சம்பூரும் பெயர்ந்தன. சம்பூர் மக்கள் பலர் பத்தாண்டளவு முகாம்களில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னருமே தம் நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினர். கூடாரத்தில் வாழ்பவருக்கு வீடு எது? சுவரில்லை, கதவில்லை, வாயிற்படியில்லை. ஆயினும் நலம் கேட்டு வந்த உறவினருக்குச் சூடான ஒரு பேணியை நீட்டும் பொழுது அக்கூடாரம் வீடாகிறது. அந்த ஒரு பேணிக்கு வேண்டிய சுள்ளியையும் சீனியையும் மிச்சம் பிடித்து வைக்கும் தாயின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதுமே அந்தக் கணக்கைக் கற்க நேர்ந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் அற்றுப்போனமையால், மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. எரிவாயு உருளைக்கு மக்கள் வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெய் இன்றி மீன்பிடிப் படகுகள் கரையிற் கிடந்தன. மின்கேத்திலும் மின்னரைப்பானும் வெறும் பொருள்களாயின. மூலையிற் கிடந்த கரியடுப்பும் உரலும் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. முறையை மறவாத வீட்டில் ஒரு கைப்பிடி சிரட்டையிற் காலைக் கோப்பி ஆயிற்று. மறந்த வீட்டிற் புகைதான் ஆயிற்று.

சிறுநெருப்பைக் கையாளும் முறை நுட்பமானது. திறந்த மூன்றுகல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும். ஏனையது காற்றோடு போகும். திருகோணமலையிற் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதுவும் குறையும். ஆகவே காற்று வரும் பக்கம் மறைப்பு வேண்டும். பாத்திரத்துக்கு மூடி வேண்டும். தேவையான நீரை மட்டும் அளந்து வைக்கவேண்டும். வாடைக்கால மழையில் விறகு நனைந்தாலும் உலர்ந்த சிரட்டை விரைந்து பற்றிக் கடுமையாக எரியும். மறைப்பு, மூடி, அளவு என்னும் இம்மூன்றையும் அறிந்தவர் பாதி விறகில் முழு வேலை செய்வர்.

இனி வீட்டு வண்டியின் மின்சாரத்துக்கு இதே கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். 28 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நீரை 96 பாகைக்கு உயர்த்த வேண்டிய ஆற்றல் 68 கிலோ கலோரி; மின் அளவையில் ஏறத்தாழ 79 வாற்று மணி. இருவருக்குக் கோப்பி ஆக்க 300 மில்லிலீற்றர் போதும். அதற்கு 24, வீண்போவதையும் சேர்த்தால் 30 வாற்று மணி என்று கொள்ளலாம். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட ஈயப் பற்றரியில் உள்ளது 1,200 வாற்று மணி; அதன் ஆயுள் குறையாதிருக்கப் பாதியையே எடுக்கவேண்டும். அவ்வாறாயினும் இருவர் கோப்பிக்கு ஆவது அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. நல்ல வெயில் நாளில் 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்று ஏறத்தாழ 400 வாற்று மணி தரும். அப்படியிருக்கப் பற்றரி தளர்வது ஏன்?

குறை ஆற்றலின் அளவில் இல்லை, அவசரத்தில் உள்ளது. நகர வீட்டு மின்கேத்தில் 2,000 வாற்று வேகத்தில் ஆற்றலை இழுக்கிறது. 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து அதனைப் பெறுவதாயின் 170 அம்பியருக்கு மேல் ஓடவேண்டும். சிறிய பற்றரி அத்துணை வேகத்தைத் தாங்காது. அதன் அழுத்தம் சரியும். மின்மாற்றும் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 150 வாற்றுச் சிறு கொதிகலமோ 13 அம்பியருக்கும் குறைவாகவே கேட்கும். அதே நீரைப் பன்னிரண்டு நிமிடத்திற் காய்ச்சித் தரும். பொறுமைக்கு அங்கே மின்சாரத்தின் மதிப்பு உண்டு. நண்பகலில் வெயில் நிறைந்திருக்கும்போதே நீரைக் காய்ச்சிக் குடுவையில் அடைத்தால், மாலைக்குப் பற்றரியைத் தொடவேண்டியதில்லை. கொட்டையைக் கைத்திரிகையில் அரைத்துக்கொள்ளலாம். வடிப்பதைப் பித்தளைக் கலத்திடம் விட்டுவிடலாம். ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 60 கிராம் தூள் என்பது உலகெங்கும் ஏற்ற அளவு. அவ்வளவிற் பார்த்தால் இருவர்க்கு 18 கிராம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே இன்றியமையாதது. மின்சாரம் போதாதென்று மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரியடுப்பை மூட்டலாகாது. எரியும் கரியிலிருந்து எழும் காபன் ஒற்றொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும். பழைய வண்டில்காரர் நெருப்பைக் கூடாரத்துக்கு வெளியே, திறந்த வெளியில் மூட்டினர். வண்டி புதிதாயினும் அவ்வொழுங்கு மாறலாகாது.

சம்பூரின் வரலாறு இக்காலத்திற் வேறொரு திருப்பம் பெற்றுள்ளது. அங்கே அமைப்பதாக இருந்த நிலக்கரி மின்னிலையத் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே ஊரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்குத் தொடக்கம் செய்யப்பட்டது. பெயர்ந்து திரும்பிய மக்களின் ஊரில் வெயில் மின்சாரமாகப் போகிறது. மின்சாரம் பெருகுவது நன்றே. இருளில் வாழவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆனால் பெருகியது ஒருநாள் குறையவும் கூடும் என்பதைத் திருகோணமலை அறிந்ததுபோல் அறிந்த ஊர்கள் சிலவே. கடற்படைகள் வந்து போயின; எண்ணெய் வந்து தீர்ந்தது; அலை வந்தது; போர் வந்தது. ஒவ்வொரு முறையும் மக்களிடம் எஞ்சியது, கையில் உள்ளதைக்கொண்டு ஆக்கத் தெரிந்த அறிவு.

அவ்வறிவைச் சிலர் வறுமையின் அடையாளம் என எண்ணுவர். உண்மையில் அது பயிற்சியாற் பெற்ற கலை. எவ்வளவு நீர், எத்துணை வெப்பம், எவ்வளவு பொழுது என்று அளந்தறியும் கலை அது. ரம்போட் பிரபு ஆய்வுக்கூடத்திற் கண்டதும், அரபு நாடோடி மணல்வெளியிற் செய்ததும், முகாமிலிருந்த தாய் மூன்று கல்லிடை செய்ததும் ஒன்றே. அம்மூவருள் முன்னிருவரின் பெயரை நூல்கள் காத்துக்கொள்ளும். மூன்றாமவரின் அறிவு, மகளுக்கு அவர் கற்றுக்கொடுத்தால் மட்டுமே நிலைக்கும். வீட்டில் முதியவர் உள்ளபோதே, தூள் இடிக்கும் பக்குவத்தையும் மண்டி தெளியும் பொழுதையும் இளையோர் கேட்டறிந்து வைத்தல் நன்று. மின்சாரம் நிறைந்த நாளில் அது கோப்பியை நன்றாக்கும். மின்சாரம் நின்ற நாளில், வாயிலில் வந்தவரை வெறுங்கையோடு இருத்தாமற் காக்கும்.